எங்கள் வீட்டுக்காரருக்குக் கொழுப்பு குறைவாம்: வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை ஒன்றைப் பற்றி

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. ரிப்போர்ட்டில் இருந்த எண்களுக்கு நாலரை. அந்த எண்களுக்குக் கீழே எழுதியிருந்த ஒரு வாக்கியத்துக்கு ஒன்று, அதுவும் எழுத்துப்பிழை இல்லை என்பதற்காக. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். பெயரைவிட அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள். தாள் என்று எது கைக்கு வந்தாலும் கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, வயது 71. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து வருஷமாகப் பார்க்கின்சன், கை கால் நடுங்கித் தசை இறுகும் நரம்பு நோய். அதற்கு லெவோடோபா மாத்திரை ஒரு நாளைக்கு நாலு வேளை: காலை 6, பத்தரை, மதியம் 3, இரவு 7. படுக்கப் போகும்போது ரத்தத்தில் கொழுப்பை, அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்க அட்டோர்வாஸ்டேட்டின், ஸ்டேட்டின் வகை மாத்திரை. கொழுப்பு எப்படி இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

இத்தனை நாளும் லேபுக்கு நேரில்தான் போய்வந்தோம். போன வருஷம் அங்கே கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, இவருடைய கால் வாசலில் தரையோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கின்சன்காரர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். நடந்துகொண்டே இருப்பார்கள், கதவு நிலை வந்ததும் உறைந்து நின்றுவிடுவார்கள். பின்னால் நின்ற கூட்டம் "போங்க சார், போங்க சார்" என்று அவசரப்படுத்த, இவருக்கு இன்னும் ஒட்டியது. அதனால்தான் இந்த முறை வீட்டுக்கே ஆளை வரவழைத்தோம்.

பதிவு செய்வது சுலபம். செயலியில் எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணாடியைத் தேட வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. நல்ல பிள்ளையாக இதயம், பார்க்கின்சன் இரண்டையும் டிக் செய்தேன். அந்த டிக் வில்லங்கத்தைக் கொண்டுவரும் என்று அப்போது தோன்றவில்லை.

முந்தின நாள் சாயந்திரம் ஒரு பெண் போன் செய்தார்.

"பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது மேடம். தண்ணி மட்டும் குடிக்கலாம்."

"காலைல ஆறு மணிக்கு ஒரு மாத்திரை இருக்கே?"

"எதுவும் வேண்டாம் மேடம். ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கலாம்."

ஆறிலிருந்து ஏழுக்குள் ஆள் வந்துவிடுவார், ஒரு மணி நேரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். ஆள் வந்தபோது ஏழு நாற்பது.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரவு ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை விடியும்போது இவருக்கு உடம்பில் இருக்காது. ஆறு மணி மாத்திரைதான் அன்றைய நாளைத் திறந்துவிடும் சாவி. அது போகாததால், ஆறரைக்கு வலது கை ஆட ஆரம்பித்தது. ஏழுக்கு இடது கால் பெருவிரல் மேலே நிமிர்ந்து, மற்ற விரல்கள் உள்ளே மடங்கி, பாதம் பக்கவாட்டில் திருகிக்கொண்டது. நான் கீழே உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வாய் திறந்து வலி என்று சொல்லவில்லை. முகத்தில் தசை அசைந்தால்தானே வலி தெரியும்? அதுவும் இறுகிப் போயிருந்தது. அழைப்பு மணி அடித்தபோது கதவைத் திறக்கப் போவதா, காலை விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த தம்பிக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்தார், பையைத் திறக்கவில்லை. "ஐயா, ரெண்டு நிமிஷம் உக்காருங்க, அவசரமே இல்ல" என்று தானும் தரையில் உட்கார்ந்தார். வலது கை ஆடுகிறது என்பதால் இடது கையைக் கேட்டார். முழங்கைக்கு அடியில் தலையணை, அதன் மேல் துண்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், நரம்பு கொஞ்சம் எழும்பி வருமாம். ரப்பர் பட்டையைக் கட்டினார், தட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். என்னை ஆடுகிற கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அழுத்திப் பிடித்தால் நடுக்கம் தோள் வழியாக மறுபக்கம் போகும், சும்மா கை மேல் கை வைத்தால் போதும் என்று சொல்லியும் கொடுத்தார். முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் கிடைத்தது. பஞ்சை வைத்து, இவருடைய விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லாமல் தானே மூன்று நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது என்னிடம், "அம்மா, ஆறு மணி மாத்திரையைக் குடுத்திருக்கலாமே, எங்க பெரிய லேப்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். போனில் பேசிய பெண்ணுக்குத் தெரியாதது ஊசி குத்துகிற பையனுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு ஐந்துக்கு ஐந்து.

பிறகு நரம்பியல் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டேன். பட்டினி உணவுக்குத்தான். லெவோடோபாவின் நேரத்தைத் தவறவிடக் கூடாது, தண்ணீரோடு போட்டுவிட வேண்டியதுதான். சொல்லப்போனால் அது வெறும் வயிற்றில் நன்றாக ஏறுகிற மருந்து, சாப்பாட்டில் இருக்கும் புரதம்தான் அதோடு போட்டி போடும். இன்னொன்றும் சொன்னார்: சாதாரணமாகக் கொழுப்புப் பார்ப்பதற்குப் பட்டினியே அவசியமில்லை என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் 2016லேயே கூடிப் பேசி முடிவு சொல்லிவிட்டன. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு ரொம்ப ஏறியிருந்தால் அல்லது கூடவே வேறு பரிசோதனை இருந்தால் மட்டும் பட்டினி கேட்பார்களாம். உங்கள் வீட்டில் எப்படி என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டதற்கு ஒரு காலை வேளையைக் கொடுத்தேன்.

ரிப்போர்ட் அன்று ராத்திரியே வந்துவிட்டது. ஒன்பது பக்கம். எண்கள் முதல் இரண்டு பக்கத்தோடு சரி.

மொத்தக் கொழுப்பு 128. 'நல்ல கொழுப்பு' என்கிற ஹெச்டிஎல் 44. ட்ரைகிளிசரைடு 110. 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்டிஎல் 62. பக்கத்தில் சின்னதாக 'கணக்கிடப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. எல்டிஎல்லைப் பல லேபுகளில் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் எல்டிஎல். ஃப்ரீட்வால்ட் என்ற அமெரிக்கரும் அவருடைய சகாக்களும் 1972ல் கொடுத்த சூத்திரம், ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் செல்லாது. 128இல் 44 போனால் 84, அதில் 22 போனால் 62. கூட்டல் கழித்தல் சரி. ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே வேண்டும் என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார். 62 என்றால் எங்கள் வீட்டில் அது நல்ல சேதி.

மூன்றாம் பக்கத்தில்தான் வினை. 'உங்கள் மூளை நலம்' என்று தலைப்பு. வண்டியின் வேகமானி மாதிரி ஒரு வட்டம், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது, முள் ஆரஞ்சில் நிற்கிறது. கீழே எல்டிஎல் 62 என்று போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. அதற்கும் கீழே: 'குறைந்த எல்டிஎல் அளவு பார்க்கின்சன் நோயுடன் தொடர்புடையதாக ஆய்வுகள் காட்டுகின்றன.' அவ்வளவுதான். பதிவின்போது நான் போட்ட டிக்கை ஏதோ மென்பொருள் எடுத்து, எண்ணோடு கோத்து, இந்த வாக்கியத்தைத் துப்பியிருக்கிறது.

இவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, எனக்குக் கொழுப்பு குறைச்சல்னு ரிப்போர்ட்டே சொல்லுது. நாப்பத்து மூணு வருஷமா நீதான் நம்ப மாட்டேங்குற." நானும் சிரித்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பகல் மாத்திரைகள் என் பொறுப்பு, இரவு மாத்திரை அவர் பொறுப்பு. ஒன்றாவது தன் கையில் இருக்கட்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. அட்டையை அமுக்கி மாத்திரையை வெளியே எடுப்பது அவர் விரலுக்கு முடியாது, எகிறிப் போய்க் கட்டிலுக்கடியில் விழும். அதனால் மாதம் பிறந்ததும் முப்பதை நான் பிரித்து மூடி திருகும் டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். ரிப்போர்ட் வந்தது 9ஆம் தேதி. 30ஆம் தேதி காலையில் அடுத்த மாதத்துக்காக டப்பாவைத் திறந்தேன். ஒன்று இருக்க வேண்டிய டப்பாவில் இருபத்தொன்று.

முப்பதில் இருபத்தொன்று போனால் ஒன்பது. தேதியும் ஒன்பது. கணக்குப் பிரிவில் இருந்தவளிடம் இதை மறைக்க முடியுமா? கேட்டதும் ஒத்துக்கொண்டார். "கொழுப்பு குறைஞ்சா நடுக்கம் வரும்னு போட்டிருக்கான். மாத்திரைதான குறைக்குது? நிறுத்திப் பாத்தேன். தொடையெல்லாம் வலிக்குதுன்னு வேற சொல்லிட்டே இருந்தேன் இல்ல..." என்று இழுத்தார். அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு வேதனை. படித்ததை நம்பினார், படித்தபடி நடந்தார். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டேட்டினைத் தானாக நிறுத்துவது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிற காரியம். அந்த ஒன்பது பக்கத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

மறுநாளே நரம்பியல் மருத்துவரிடம் ரிப்போர்ட்டோடு போய் உட்கார்ந்தோம். அவர் மூன்றாம் பக்கத்தைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். "இது இதயத்துக்கான மாத்திரை. பார்க்கின்சனுக்காக யாரும் இதைக் குடுக்கல, பார்க்கின்சனுக்காக நிறுத்தவும் வேண்டாம்" என்றார். தொடை வலியை மட்டும் அலட்சியப்படுத்தவில்லை. ஸ்டேட்டினால் தசை வலி வருவது உண்டு, பார்க்கின்சனால் தசை இறுகி வலிப்பதும் உண்டு. எது எது என்று நோயாளியால் பிரிக்க முடியாது. தசை பாதிக்கப்பட்டிருந்தால் சிகே என்ற நொதி ரத்தத்தில் ஏறும், அதைப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு மறுபடி லிப்பிட் ப்ரொஃபைல் என்ற அதே கொழுப்புப் பரிசோதனையும்.

'ஆய்வுகள் காட்டுகின்றன' என்ற இரண்டு சொல் என்னை விடவில்லை. எந்த ஆய்வு? எத்தனை பேர்? மகன் தேடிக் கொடுக்க, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பழைய பழக்கத்தில் நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. அந்த ஆய்வாளர்கள் எழுதுகிற அலகு வேறு, 38.67ஆல் பெருக்கினால்தான் நம் ரிப்போர்ட்டின் எண் வரும். அந்த வேலையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வாக்கியம் பொய் இல்லை. முதலில் அதை ஒத்துக்கொள்கிறேன். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரில் 55 வயதுக்கு மேற்பட்ட ஆறாயிரத்துச் சொச்சம் பேரைச் சராசரியாக ஒன்பது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2006ல் வெளியிட்டார்கள். கொழுப்பு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வந்திருந்தது. ஆனால் நோய் வந்தவர்கள் மொத்தமே 87 பேர், அதிலும் அந்தத் தொடர்பு பெண்களிடம்தான் தெரிந்தது. இவர் மீசை வைத்த ஆம்பளை. 2008ல் ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பார்த்தார்கள், அங்கே எல்டிஎல் குறைந்த ஆண்களுக்கு நோய் கூடுதல். 2018ல் இஸ்ரேலில், ஸ்டேட்டினே போடாத இரண்டரை லட்சம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு பார்த்ததிலும் கொழுப்பு கூடுதல் என்றால் நோய் குறைவு என்றுதான் வந்தது. இவ்வளவும் இடப்பக்கம்.

வலப்பக்கம் பின்லாந்து. அதே 2008. ஏறத்தாழ 51,000 பேர், சராசரி 18 வருஷம், நோய் வந்தவர்கள் 600க்கு மேல். அங்கே தலைகீழ்: கொழுப்பு கூடக் கூடப் பார்க்கின்சன் கூடியது, முக்கியமாக 55 வயதுக்குக் கீழே அளந்தவர்களிடம். ஸ்டேட்டின் போடுகிறவர்களுக்கு நோய் கொஞ்சம் குறைவு என்று 2012ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு. கூடுதல் என்று 2015ல் அதே அமெரிக்காவிலிருந்து இன்னொன்று. என் அலுவலகத்தில் இப்படி ஒரு பேரேடு வந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன். சிவப்பு அம்பு வரைந்தவர் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டார்.

ஏன் இப்படி ஊருக்கொரு பேச்சாக வருகிறது என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது நோட்டில் இல்லை, இவருடைய பெல்ட்டில். பழைய பழுப்பு நிற பெல்ட். கடையில் போட்டுக் கொடுத்த ஐந்து ஓட்டைக்கு அப்பால், ஆணியை வைத்து நான் அடித்துக் கொடுத்த இரண்டு ஓட்டை இருக்கிறது. அந்த இரண்டும் கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அடித்தவை. அப்போதே இவருக்கு மூக்கில் வாசனை தெரியாமல் போயிருந்தது, அடுப்பில் எது தீய்ந்தாலும் உணர மாட்டார். சாப்பாடு குறைந்தது, உடம்பு இளைத்தது, மலச்சிக்கல் வந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். நடுக்கம் என்று ஒன்று வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே பார்க்கின்சன் உள்ளே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வாசனை போவதும், தூக்கத்தில் கத்திக் கை வீசுவதும், எடை குறைவதும் அதில் சேர்த்தி. எடை குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பும் குறையத்தானே செய்யும்? அப்படியானால் கொழுப்பு குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்துகொண்டிருந்ததால் கொழுப்பு குறைந்ததா?

இவர் விஷயத்தில் அந்த இரண்டு ஓட்டைக்கு முந்தின வருஷம்தான் ஸ்டென்ட், அதோடு ஸ்டேட்டின். ஆக எல்டிஎல் இறங்கியதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, இளைத்ததன் பங்கு எவ்வளவு? பக்கத்திலேயே இருந்து, எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருக்கிற என்னாலேயே ஒரே ஆளுடைய கணக்கில் இதைப் பிரிக்க முடியவில்லை. முக்கியமாக 55 வயதுக்குக் கீழே அளந்தவர்களிடம் தெரிந்த பின்லாந்துக் கணக்கும், வயதான பிறகு அளந்த ராட்டர்டாம், ஹவாய்க் கணக்குகளும் வேறு வேறு திசையில் போவதில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை.

மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயம், கேட்டதும் நோட்டில் அடிக்கோடு போட்டேன். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு அங்கேதான் இருக்கிறதாம், நரம்பு இழைகளுக்கு உறை போட்டபடி. அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல், மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், மூளை தனிக் கல்லா வைத்திருக்கும் கிளை. தலைமைக் கடையின் கல்லாவில் 62 இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளையில் இருப்பு குறைவு என்று யாராவது எழுதினால் அவரை வேலையில் வைத்திருப்பீர்களா? அந்த வேகமானி வட்டம் செய்தது அதைத்தான்.

கிளையிலும் கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிம்வாஸ்டேட்டின் மூளைக்குள் போகக்கூடிய ஸ்டேட்டின். அது பார்க்கின்சனின் வேகத்தைக் குறைக்குமா என்று பிரிட்டனில் 235 நோயாளிகளை வைத்து இரண்டு வருஷச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எங்கள் வீட்டில் அன்று காலை நடந்த மாதிரி பார்க்கின்சன் மருந்தின் வேகம் அடங்கிய நிலையில் அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டு அளந்திருக்கிறார்கள். 2022ல் முடிவு வெளியானது: பலன் இல்லை. ஆக, கொழுப்பு மாத்திரை பார்க்கின்சனுக்கு மருந்து என்று எழுதினாலும் தப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, தொகுப்பில் சேர்ந்தே வந்த 'இலவச விளக்க அழைப்பை'ப் பயன்படுத்திக்கொண்டேன். நிபுணர் என்று பேசியவர் மரியாதையான பிள்ளை. மூன்றாம் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"அதை நானே படிச்சிட்டேன் தம்பி. அப்ப மாத்திரையை நிறுத்தணுமா?"

"இல்ல மேடம், அதை உங்க டாக்டர்தான் சொல்லணும்."

"சரி, எல்டிஎல்லை ஏத்தணுமா?"

"அதுவும் டாக்டர்தான் மேடம்."

"அப்ப அந்தச் சிவப்பு அம்பு யாருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சிஸ்டம்ல அப்படித்தான் மேடம் வருது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சிஸ்டத்தில் வருவதை அப்படியே வாசிப்பவர்களோடு முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு சமயம் நானும் வாசித்திருக்கிறேன்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். மூன்று விஷயம் கேட்டேன்: பார்க்கின்சன் என்று டிக் செய்தவர்களிடம் காலை மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அந்த வாக்கியத்தை எடுங்கள், எடுக்க மனமில்லை என்றால் எதிர்ப்பக்க ஆய்வையும் சேருங்கள், ஸ்டேட்டின் போடுகிறவருக்கு எல்டிஎல் குறைவது மாத்திரை செய்கிற வேலை என்று ஒரு வரி போடுங்கள். நாலு நாளில் பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்று ஆரம்பித்தது. மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த கையோடு, இந்தப் படிப்புக்கும் புகாருக்கும் முன்பே, இரண்டாம் முறையும் அவர்களையே கூப்பிட்டேனா என்றால், ஆமாம், கூப்பிட்டேன். அந்தத் தம்பிக்காக. நேரம் ஒன்பதரை என்று கேட்டேன், ஆறு மணி மாத்திரை நன்றாக ஏறியிருக்கும் நேரம். காலைச் சாப்பாடும் ஆகியிருந்தது. அவரே வந்தார், இந்த முறை சொன்ன நேரத்துக்கு. இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையைத் தானே மடித்துக்கொண்டு, "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோப்பா, கொழுப்பு மட்டும் கம்மியா இருக்கும்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே குத்து. ஒத்தடம், தலையணை எதுவும் தேவைப்படவில்லை.

மொத்தம் 188, ஹெச்டிஎல் 43, ட்ரைகிளிசரைடு 135. சாப்பிட்டிருந்ததால் கடைசி எண் கொஞ்சம் ஏறியிருக்கலாம். 188இல் 43 போய், 27ம் போனால் எல்டிஎல் 118. மூன்று வாரத்தில் 62லிருந்து 118. சிகே இயல்பு அளவில்தான் இருந்தது. எல்டிஎல் ஏறக்குறைய இரண்டு மடங்கான அந்த மூன்று வாரத்தில் நடுக்கம் குறைந்ததா என்று அவரையே கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அது பாட்டுக்கு அது ஆடிட்டுதான் இருக்கு" என்றார். தொடை வலியும் போகவில்லை. மருத்துவர் பத்தரை மணி வேளையின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்த பிறகுதான் அது தணிந்தது, அதாவது வலி இறுக்கத்தால் வந்தது. அட்டோர்வாஸ்டேட்டின் ரத்தம் கொடுத்த அன்றிரவே மறுபடி ஆரம்பம்.

மூன்றாம் பக்கத்தில் இந்த முறை முள் பச்சையில் நின்றது. எல்டிஎல் 118க்குப் பக்கத்தில் பச்சை டிக். 'உங்கள் மூளை நலம் சிறப்பு' என்று வாழ்த்து வேறு. இதய மருத்துவர் பார்த்து முகம் சுளித்த எண்ணுக்கு இவர்கள் கொடுத்த பாராட்டு அது.

அடுத்த வருஷமும் இவர்களிடம்தான் பதிவு செய்வேன். படிவத்தில் நோய்கள் பட்டியலில் எதையும் டிக் செய்யப் போவதில்லை. ரத்தம் எடுக்க வருபவரிடம் வாயால் சொல்லிக்கொள்வேன். நேரம் ஒன்பதரை. ரிப்போர்ட் வந்ததும் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் அச்செடுத்து இவர் கையில் கொடுப்பேன். டப்பாவை இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணுகிறேன், அவர் கண் முன்னாலேயே. "ஆடிட்டர் வந்துட்டாங்க" என்கிறார்.